ஆல்மண்ட் தெருவில் என்ன இருக்கிறது?

போர்ட் எலிசபெத் நகரத்தில் எந்தத் தெரு எந்தத் தெருவில் போய் முட்டுகிறது என்று புமேசா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதுதான் அவள் பிழைப்பு. நார்த் எண்டில் ஒரு பழைய கட்டடத்தின் பின்னறையில், ஒரு கால் டாக்ஸி கம்பெனியின் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு காதில் போன், கையில் மைக், எதிர்ச் சுவரில் ஊரின் வரைபடம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர் கைக்கு எட்டும்.

"மூணாம் நம்பர், நீ எங்க நிக்குற? பாலத்துக்கு முன்னாடி இடது பக்கம் ஒரு சந்து வரும், அதுல நுழை. ரெண்டு விரல் தூரம்தான், ஏன்பா இவ்வளவு நேரம்?" என்று அவள் அதட்டினால், இருபது வருடம் வண்டி ஓட்டியவர்கள்கூட மறுபேச்சு பேசமாட்டார்கள்.

ஆனால் அந்தச் சந்தில் அவள் கால் வைத்தது கிடையாது. குவாசக்கேலேயில் அக்கா வீடு, அங்கிருந்து வேனில் இடித்துக்கொண்டு நார்த் எண்ட், சாயங்காலம் அதே வேனில் திரும்பி வீடு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். வருடப் பிறப்பன்று எல்லோரோடும் சேர்ந்து கடற்கரை. இருபத்தைந்து வயதில் ஆலிஸ் என்ற சிற்றூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவளுக்கு, நாற்பத்தேழு வயதில் ஊர் என்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு போன் வந்தது. கனத்த, கணீரென்ற பெண் குரல். ஜெல்வண்டேலிலிருந்து மூரியல் அரெண்ட்ஸ்.

"எங்கே போகணும் ஆன்ட்டி?"

"எங்கேயாவது."

"எங்கேயாவதுன்னு ஒரு தெரு எங்க மேப்புல இல்லியே ஆன்ட்டி."

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. "அப்போ நீயே ஒண்ணு சொல்லு. பார்க்கிற மாதிரி ஒரு தெரு. எனக்கு இடுப்பு போயிடுச்சு, நடக்க முடியாது. கார்ல உட்கார்ந்தே பார்த்துட்டு வந்துடுறேன். என் வீட்டுக்காரர் போனப்புறம் மகன் என்னை சாமர்செட் ஈஸ்டிலேர்ந்து கூட்டிட்டு வந்து மூணு வருஷமாச்சு. இவன் வீட்டு ஜன்னல்ல நாலு வீடும் ஒரு கரண்ட் கம்பமும் தெரியுது. ஊர் எப்படியிருக்கும்னு தெரியாமலேயே செத்துப்போகச் சொல்றியா?"

புமேசா வரைபடத்தைப் பார்த்தாள். அழகான பெயராக ஒன்றைப் பொறுக்கிச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமையும் அதே நேரத்துக்கு அதே குரல் கூப்பிட்டது. அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மூரியல் கேட்பாள், புமேசா சொல்வாள், பெரும்பாலும் ஃபெசிலே என்ற டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போவான்.

வெறும் பெயரோடு நின்றிருக்கலாம். ஆனால் மூரியல் கேள்வி கேட்கிற ஆள். "அங்கே என்ன இருக்கு? ஏன் அந்தத் தெரு?" தெரியாது என்று சொல்ல புமேசாவுக்கு வாய் வரவில்லை. இந்த ஊரில் தனக்குத் தெரியாத தெரு இல்லை என்று நம்புகிற ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? முதலில் டிரைவர்கள் சொன்னதைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். ஒரு நாள் முழுக்க முழுக்கத் தானாகவே கட்டிச் சொன்னாள்.

"ஆல்மண்ட் தெரு போங்க ஆன்ட்டி. முனை வீட்டு வாசல்ல பெரிய பாதாம் மரம் ஒண்ணு இருக்கும். இப்போ பூத்திருக்கும்."

அடுத்த வாரம் மூரியல் கேட்டாள்: "மரத்தைக் காணோமே பொண்ணே?"

"நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க ஆன்ட்டி. அங்கதான் இருக்கு."

இதைச் சொல்லிவிட்டுப் புமேசா அடுத்த போனை எடுத்துவிட்டாள். அத்தோடு மறந்தும் போனாள்.

இந்த நிலையில் கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். வந்த கையோடு வருகை ஏட்டைப் புரட்டியவர் புமேசாவின் அறைக்கு வந்து நின்றார். "நீங்க லீவே எடுக்கலைன்னா லேபர் ஆபீஸ்ல என்னைத்தான் பிடிப்பாங்க. வர்ற சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இந்தப் பக்கம் வராதீங்க."

அன்றும் ஒரு சனிக்கிழமைதான். பத்து மணிக்கு மூரியலிடம் அதைச் சொல்லப்போக, அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "அப்போ என்கூட வா! நாலு வருஷமா குரலாவே இருக்கியே, உனக்கு முகம் இருக்கா இல்லையா? அந்தப் பாதாம் மரத்தை நீயே எனக்குக் காட்டு."

வீட்டில் அக்கா நொபாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயா ஊர் சுத்திக் காட்டப் போற? நம்ம சந்தைக்குப் போயிட்டு வரவே உனக்கு நான் துணைக்கு வரணும்."

"எனக்கு வழியெல்லாம் தெரியும் அக்கா."

"வழி தெரியும்டி. ஊர் தெரியுமா?"

சனிக்கிழமை காலை ஃபெசிலே வண்டியோடு வந்து ஹாரன் அடித்தான். செப்டம்பர் மாதம், காற்று பேயாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஜெல்வண்டேலில் மூரியலின் வீட்டு வாசலில் நின்றவளைப் பார்த்துப் புமேசா, வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தக் கனத்த குரலுக்கு அவள் மனதில் ஆறடி உயரத்துக்கு ஓர் உருவம் வைத்திருந்தாள். நின்றது அவள் தோள்வரைகூட வராத, ஒடிசலான எழுபது வயதுப் பெண். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை தலையிலிருந்த தொப்பியை அழுத்திப் பிடித்திருந்தது.

"இவ்வளவு சின்னதா இருக்கீங்களே ஆன்ட்டி!"

"நீ மட்டும்? ஒல்லியான பொண்ணுன்னு நினைச்சுட்டிருந்தேன். ஏறு, ஏறு. காத்து என்னைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள."

பின் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். புமேசா வழி சொன்னாள். வலது, இடது, மூன்றாவது திருப்பம் என்று ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊரின் மையத்துக்கு வந்து கோட்டை மேட்டுப் பக்கம் திரும்பியதும் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. புமேசா முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஐயோ, என்ன இது! மலையாட்டம் இருக்கு!"

வரைபடத்தில் மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. இத்தனை வருடமாக அவள் இரண்டு விரல் தூரம் என்று அளந்து விரட்டிய தெரு, வண்டி மூச்சு வாங்கி ஏறுகிற செங்குத்தாக நின்றது. வலதுபுறம் பழைய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் படியாக இறங்கின. அதற்கும் கீழே துறைமுகமும் கப்பல்களும், நீலமாகக் கொந்தளிக்கும் கடலும்.

ஃபெசிலே கண்ணாடியில் அவளைப் பார்த்து இளித்தான். "எப்படி அக்கா? ரெண்டு விரல் தூரம்! போன மாசம் இதே இடத்துல வண்டி சூடாகி நின்னப்போ என்னை என்ன திட்டு திட்டினீங்க!"

"வாயை மூடிட்டு ஓட்டுடா."

மூரியல் சிரிக்கவில்லை. திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னமோ முதல் தடவை பார்க்குற மாதிரி கத்துறியே பொண்ணே?"

புமேசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் வாயைக் கட்டத் தெரியவில்லை. கலங்கரை விளக்கின் பக்கத்தில் கல்லால் கட்டிய கூம்பைப் பார்த்து "இவ்வளவு பெருசா!" என்றாள். மேட்டிலிருந்து பார்த்தபோது கடல் ஊருக்குள் இவ்வளவு தூரம் வளைந்து வருகிறதா என்று வியந்தாள். காலையிலேயே பொரித்த மீன் விற்கும் கடையை எட்டி எட்டிப் பார்த்தாள். மூரியலின் முகம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது.

"ஆல்மண்ட் தெருவுக்குப் போ ஃபெசிலே" என்றாள் கடைசியில்.

தெரு முனையில் வண்டி நின்றது. முனை வீடு என்று ஒன்றே இல்லை. ஒரு டயர் கடை, அதன் பக்கத்தில் பூட்டிய ஷட்டர், எதிரே பழைய கார்கள் நிறுத்தும் கொட்டகை. மரம் என்று சொல்ல ஒரு செடிகூடக் கிடையாது.

"எங்கே?" என்றாள் மூரியல்.

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வெட்டிவிட்டார்கள் போல என்று சொன்னால் முடிந்தது. புமேசா அதை விழுங்கினாள்.

"இல்ல ஆன்ட்டி. எப்பவுமே இருந்ததில்ல. நான் இந்தத் தெருவுக்கு இன்னிக்குத்தான் வர்றேன். எந்தத் தெருவுக்குமே நான் போனதில்ல. பேரைப் பார்த்து நானா சொன்னேன்."

காற்று டயர் கடையின் தகரப் பலகையைத் தடதடவென்று அடித்தது. ஃபெசிலே ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூரியல் ஊன்றுகோலைப் பார்த்தபடி பேசினாள். குரல் சிறுத்துப்போயிருந்தது. "அப்போ எனக்கு ஒண்ணும் ஆகல."

"என்ன ஆன்ட்டி?"

"கவனிச்சிருக்க மாட்டீங்கன்னு சொன்னியே. வீட்ல போய் மகன்கிட்ட சொன்னேன், கண் முன்னாடி நின்ன மரத்தையே நான் பார்க்கலடான்னு. மருமக பயந்துட்டா. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு சின்னப் பையன் டாக்டர், கடிகாரம் படம் வரையச் சொன்னான். இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டான். பயத்துல கிழமையைத் தப்பா சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து அடுப்புப் பக்கம் நான் போகக்கூடாதாம். கேஸைத் திறந்து விட்டுட்டு மறந்துடுவேனாம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போட்டவ நான். எட்டு மாசமா ஒரு முட்டை பொரிக்க விடல." அவள் ஊன்றுகோலால் வண்டியின் தரையை ஒரு குத்துக் குத்தினாள். "ஃபெசிலே, என்னை வீட்ல கொண்டு விடு. இவ இங்கேயே இறங்கட்டும்."

புமேசா இறங்கினாள். வண்டி போய்விட்டது.

அவள் அந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அழுகை வந்தது. காற்றில் கண்ணீர் பக்கவாட்டில் ஓடியதும் அவளுக்கே அது விசித்திரமாக இருந்தது, துடைத்துக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளி வேன் கிடைக்கும், வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தான் பொய் சொன்ன இடத்தில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்போல் இருந்தது. கைப்பையில் கம்பெனி ரசீது ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே நடந்தாள்.

டயர் கடை. வாசலில் ஒற்றைக்கண் பூனை, டயருக்குள் தூக்கம். கொட்டகையில் சக்கரமில்லாத பச்சைக் கார், அதற்குள் யாரோ வெங்காயத்தாள் வளர்க்கிறார்கள். பதினோராம் நம்பர் வீட்டில் தையல் மெஷின் சத்தம், ஆள் தெரியவில்லை. அடுத்த வீட்டு மதிலோரம் ஒரு பெண் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்றாள். இரண்டு வாங்கித் தின்றபடியே அவளிடம் கேட்டாள்: "இந்தத் தெருவுல பார்க்கிற மாதிரி என்னம்மா இருக்கு?"

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தெருவுலயா? போலீஸா நீ?"

"இல்லம்மா. சும்மா."

"சும்மா யாரும் இங்க வரமாட்டாங்க. கடைசி வீட்டு மாடியில ஃபிலிஸ்னு ஒருத்தர் புறா வச்சிருக்கார். பொண்டாட்டியைவிட அதுங்ககிட்டதான் அதிகம் பேசுவார். போய்ப் பாரு."

கடைசி வீட்டின் மொட்டைமாடியில் தகரமும் பலகையுமாக ஒரு கூண்டு இருந்தது. வழுக்கைத் தலை ஆள் ஒருவர் ஒரு டப்பாவில் மக்காச்சோளத்தைக் குலுக்கியபடி வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். புமேசா கீழேயிருந்து கூப்பிட்டாள். பந்தயப் புறாக்களைப் பற்றிக் கேட்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் அவர் நாற்பது நிமிடம் பேசினார். பந்தயத்துக்காக வடக்கே மிடில்பர்க்குக்குக் கொண்டுபோன புறாக்கள் அங்கே லாரியில் காத்திருந்தன; அங்கிருந்து பறந்து முதலில் தன் கூண்டுக்குத் திரும்பும் புறாவுக்குத்தான் பரிசு. காற்றின் காரணமாக இன்று திறந்துவிடவில்லை, நாளைக் காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள்.

"இருநூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல. பதினொரு மணிக்கெல்லாம் வந்துடும். நாளைக்கு வாங்க, காட்டுறேன்."

"வழி எப்படித் தெரியுது அதுங்களுக்கு?"

ஃபிலிஸ் தலையைச் சொறிந்தார். "நாற்பது வருஷமா நானும் அதைத்தான் கேட்டுட்டிருக்கேன். தெரிஞ்சா சொல்லும்மா."

அன்று பொழுது சாயும் முன் புமேசா இன்னும் ஐந்து தெருக்கள் நடந்தாள். கால் கொப்புளித்தது. ரசீதில் இடமில்லாமல் கையில்கூட எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை தேவாலயத்துக்குப் போகவில்லை. சொந்தக் கம்பெனிக்கே போன் போட்டாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணிடம் ஃபெசிலேயை அனுப்பச் சொன்னாள். ஃபெசிலே வழியெல்லாம் அவளைப் பயமுறுத்திக்கொண்டே வந்தான். "அந்த மருமக ஷார்மேனைப் பத்தி உங்களுக்குத் தெரியாது அக்கா. வாசல்லயே வச்சுக் கிழிப்பாங்க."

கதவைத் திறந்தது ஷார்மேன்தான். மாவு படிந்த ஏப்ரனோடு நின்றாள். புமேசா உள்ளே போகாமல், வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். மரம் இல்லை என்பதை, இருக்கிறது என்று சாதித்ததை, வாரா வாரம் கதை கட்டியதை. "உங்க அத்தைக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்கு. பொய் சொன்னது நான்."

ஷார்மேன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசமா வேலைக்கும் போய்ட்டு, வந்து நானே சமைச்சு, அவங்க என் சமையலைத் தின்னுட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறதைப் பார்த்துட்டு இருந்தேன். உன்னை என்ன செய்யலாம்?"

"உள்ளே விடு அவளை" என்று அறைக்குள்ளிருந்து அந்தக் கனத்த குரல் வந்தது.

மூரியல் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போனாள். ஷார்மேன் ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. வெங்காயமும் தக்காளியும் வதங்கும் வாசனை வந்தது. கால் மணி நேரத்தில் நான்கு தட்டுகளில் முட்டை வந்தது. ஃபெசிலே இரண்டாம் தடவை தட்டை நீட்டினான். ஷார்மேன் முதல் வாயை எடுத்து வைத்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு அத்தை" என்றாள்.

"எட்டு மாசமா உப்பே இல்லாம தின்ன நாக்கு. பழகிக்கும்" என்றாள் மூரியல்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் புமேசா பக்கம் திரும்பினாள். "நேத்து அங்கேயே நின்னியா, வீட்டுக்குப் போனியா?"

புமேசா கசங்கிய ரசீதை எடுத்துப் படித்தாள். பூனை, பச்சைக் கார், வெங்காயத்தாள், தையல் மெஷின். மூரியல் கண்ணை மூடிக் கேட்டாள். இடையிடையே குறுக்கு விசாரணை செய்தாள். பூனைக்கு எந்தக் கண் இல்லை? தையல் சத்தம் கால் மெஷினா, கரண்டில் ஓடுவதா? புமேசா தனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததற்கு, "தெரியல ஆன்ட்டி, பார்க்கல" என்றாள். அந்தச் சொல் முதலில் எளிதாக வரவில்லை. நான்காவது தடவை இலகுவாக வந்தது. புறா என்று படித்ததும் மூரியல் கண்ணைத் திறந்தாள்.

"பதினொரு மணியா? மணி இப்போ என்ன?"

பத்தே முக்காலுக்கு ஃபிலிஸின் வீட்டுப் பின்கட்டில் அவர்களுக்கு மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். மாடி ஏற முடியாத மூரியலுக்குக் கூண்டு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஃபிலிஸே உட்காரவைத்தார். காற்று விழுந்திருந்தது. எல்லோரும் வடக்கே வானத்தைப் பார்த்தார்கள். பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. ஃபெசிலே ஒவ்வொரு காக்கையையும் பார்த்து "அதோ!" என்றான். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு ஒரு சாம்பல் நிறப் புள்ளி இறங்கி வந்தது. ஃபிலிஸ் துள்ளி எழுந்தார். புறா நேராக வந்து கூண்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் உட்கார்ந்து இறகு கோதியது.

"உள்ளே வந்தாத்தான் கணக்கு! ஒவ்வொரு நொடியும் போகுது!" ஃபிலிஸ் டப்பாவைக் குலுக்கினார், விசிலடித்தார், கெஞ்சினார். "ராசாத்தி, வாம்மா, வந்துடும்மா." புறா தலையைச் சாய்த்து அவரை வேடிக்கை பார்த்தது. மாடிப்படியில் நின்ற அவர் மனைவி, "என்னை ஒரு நாள் இப்படிக் கூப்பிட்டிருப்பியா?" என்று சத்தம் போட்டாள். மூரியல் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. புமேசா அவளை விழாமல் பிடித்துக்கொண்டாள். அவள் கையை மூரியல் விலக்கவில்லை.

பதினான்கு நிமிடம் கழித்துத்தான் அந்தப் புறா மனம் வைத்து உள்ளே போனது. ஃபிலிஸுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அதைக் கையில் எடுத்துக் கீழே கொண்டுவந்து மூரியலின் மடியில் வைத்தார். அவள் இரண்டு கைகளாலும் அதை மூடிக்கொண்டாள்.

"நெஞ்சு எப்படி அடிச்சுக்குது பாரு" என்று புமேசாவின் விரலைப் பிடித்து அதன் மார்பில் வைத்தாள்.

அதற்குப் பிறகு புமேசா மாதம் ஒரு சனிக்கிழமை லீவு எடுத்தாள். மூரியல் வண்டியில் இருப்பாள். வண்டி போகாத சந்துகளிலும் படிக்கட்டுகளிலும் புமேசா இறங்கி நடந்து, பார்த்து வந்து சொல்வாள். சரியாகப் பார்க்கவில்லையென்றால் மூரியல் திரும்ப அனுப்புவாள். மைக்கில் உட்கார்ந்திருக்கும் நாட்களில், மேடான தெருக்களுக்குப் போகிற டிரைவர்களை அவள் அவசரப்படுத்துவதை விட்டுவிட்டாள். அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஐம்பது வயதில் புமேசா வண்டி ஓட்டக் கற்றாள். ஓட்டுநர் பரீட்சையில் இரண்டு முறை தோற்றாள், இரண்டு முறையும் மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. மூன்றாம் முறை தேறினாள். மைக்கைப் புதுப் பெண்ணிடமே விட்டுவிட்டு, பதினேழாம் நம்பர் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டாள். முதல் நாள் முதல் சவாரி விமான நிலையத்துக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர், "குறுக்கு வழி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள் புமேசா. "ஆனா கடற்கரை வழியா இன்னிக்குப் போனா திமிங்கலம் தெரியும்னு சொல்றாங்க. நான் இன்னும் பார்த்ததில்ல. உங்க விமானம் எத்தனை மணிக்கு?"